நமக்கா எங்களுக்கா

லத்தீனில் மேசை பெண்பால். முதல் நாள் வகுப்பு முடிந்து வந்து தம்பி இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை. ஆளாளுக்கு முழங்கையை ஊன்றிக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுத் துடைக்காமல் எழுந்து போகிற சாமான் வேறு என்னவாக இருக்கும்?

"மரமெல்லாம்கூட பொம்பளைதான்க்கா. சொல்லைப் பார்த்தா ஆம்பளை மாதிரி முடியுது, ஆனா பொம்பளை."

"வெயில்ல நின்னு நிழல் குடுத்துட்டு வாயைத் திறக்காம இருக்குல்ல, அதான்" என்றேன்.

அவன் வேலை பார்ப்பது ஒரு தாவரத் தோட்டத்தில். தோட்டம் என்றதும் மண்வெட்டியும் பூவாளியும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். காய்ந்த செடிகளை அட்டையில் ஒட்டி, பெயர் எழுதி, இரும்பு அலமாரியில் அடுக்குகிற வேலை. பதினைந்து வருடமாக ஒட்டிக்கொண்டிருந்ததில் கூட வேலை செய்கிறவர்கள் அவனுக்குப் 'பசை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதே நிறுவனத்துக்கு மலைமேல் இன்னொரு தோட்டம் உண்டு. அங்கே காப்பாளர் வேலை காலியானது. அந்த வேலைக்குப் போக வேண்டுமானால் ஆரம்ப லத்தீன் தேர்வு ஒன்று எழுதித் தேற வேண்டும். எந்தக் காலத்திலோ எவனோ போட்ட விதி. இன்றைக்கு அதனால் யாருக்கும் உபயோகம் இல்லை, ஆனாலும் அதை அடிக்க ஒருவனுக்கும் கை வரவில்லை. வேலையோடு குடியிருக்க ஒரு வீடும் தருவார்கள்.

நாங்கள் மூன்று பேரும் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். தம்பி, அவன் பெண்டாட்டி, நான். அப்பா அம்மா போன பிறகு இப்படித்தான். எனக்கு வந்த வரன்கள் எனக்குப் பிடிக்கவில்லை, அவர்களுக்கும் என்னைப் பெரிதாகப் பிடித்த மாதிரி தெரியவில்லை. தம்பிக்காகத்தான் தனியாக நின்றுவிட்டேன் என்று யாராவது கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். தியாகம் கியாகம் எதுவும் கிடையாது. அந்த வீட்டில் இருக்கப் பிடித்திருந்தது, இருந்தேன்.

தம்பி பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டி முடிந்து வந்தால் காலைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு அப்படியே தூங்கிவிடுவாள். அவளை உட்காரவைத்துக்கொண்டு "ரோஸா, ரோஸே, ரோஸே, ரோஸம்" என்று ஒப்பிக்க முடியாது. இவனுக்கோ தனியாகப் படிக்க வராது. பள்ளிக்கூடத்திலேயே பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்தால்தான் புத்தகம் திறப்பான். ஆகவே சாப்பாடு முடிந்ததும் மேசையைத் துடைத்துவிட்டு நான் எதிரே உட்கார்ந்தேன். கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போகிறானாம் என்று முதல் இரண்டு நாள் கேலி செய்தேன். மூன்றாவது நாள் புத்தகத்தை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டேன்.

எனக்கு அது பிடித்துப்போனது என்பதுதான் உண்மை. நான் வேலை பார்ப்பது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில். எட்ஜிங் மெஷினில் லென்ஸின் விளிம்பைத் தேய்த்து ஃப்ரேமில் உட்காரவைப்பது என் வேலை. ஒரு இழை கூடினால் உள்ளே போகாது, ஒரு இழை குறைந்தால் ஆடும். லத்தீன் சொற்களும் அப்படித்தான் இருந்தன. 'ஃப்ராதெர் ஸொரோரெம் அமாத்' என்றால் தம்பி அக்காவை நேசிக்கிறான். சொற்களை எப்படி மாற்றிப்போட்டாலும் பொருள் மாறாது, ஒட்டு மாறினால்தான் மாறும். "நம்ம தமிழ் மாதிரியேதான்டா, உருபுல இருக்கு எல்லாம்" என்றேன். பள்ளிக்கூடத்தில் படித்த 'ஐ ஆல் கு இன் அது கண்' இத்தனை வருடம் கழித்து எனக்கு நினைவுக்கு வந்தது. லத்தீன்காரன் அதில் மூன்றை ஒரே தலையில் கட்டிவிட்டான். ஆல், இன், கண் மூன்று வேலையையும் ஒரே வேற்றுமை பார்க்கிறது. "நம்ம வீட்ல நான் பார்க்கிற மாதிரி" என்றேன். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான்.

தப்புகளும் செய்தேன். மேசைக்குப் பெண்பால் என்றால் கட்டிலுக்கும் பெண்பால்தானே என்று வாதாடி இருக்கிறேன். வினைச்சொல்லின் கடைசியில் வருகிற 'முஸ்' என்பதைப் பார்த்துவிட்டு அது ஏதோ ஆண்பால் பெயர் என்று அரைமணி நேரம் அகராதியில் தேடி இருக்கிறேன். தம்பிதான் பொறுமையாகச் சொன்னான். "அது நம்ம 'ஓம்'க்கா. போர்த்தாமுஸ், சுமக்கிறோம். ஸ்பெக்தாமுஸ், பார்க்கிறோம். ஆளு யாருன்னு தனியா சொல்லவே வேணாம், வினையிலயே வந்துரும்."

"தமிழ்லயும் அப்படித்தானே. 'வரோம்'னா போதுமே."

"ஆமா, போதும்" என்றான்.

அப்போது எனக்கு எதுவும் உறைக்கவில்லை. அந்த மாதங்களில் அவன் வாயில் எப்போதும் 'நாம' இருந்தது. நாம ரெண்டாவது பாடம் முடிச்சிட்டோம், நாம இந்த வாரம் எதிர்காலத்தைப் பார்த்துரணும், நாம எப்படியும் பாஸ் பண்ணிருவோம். மலைமேல் போவதைப் பற்றியும் பேசுவான். மார்கழிக்கு முன்னாடி போயிடுவோம், போனதும் பின்பக்கம் ரெண்டு பாத்தி போட்டுருவோம், ஜன்னல் பெரிசு, கனமா திரை போட்டாத்தான் குளிர் தாங்குவோம். நான் கடை விட்டு வரும்போது துணிக்கடையில் நுழைந்து தடிமனான துணியைத் தடவிப் பார்த்து, ஜன்னலுக்கு அளவு கேட்டு அவனிடம் ஃபோன் செய்தேன். அளவு சொன்னான். அகலம் உயரம் இரண்டும் சொன்னான்.

அந்தத் துணியை வாங்கிய மறுநாள்தான் முதலாளியிடம் போய் நின்றேன். கடை முதலாளி நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் நேராகச் சொல்ல மாட்டார். யார் பேசினாலும் கழுத்தில் தொங்குகிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பேசுகிற ஆளுக்குப் பவர் எவ்வளவு என்று பார்க்கிற மாதிரி பார்ப்பார்.

"மலைக்குக் குடி போறோம் சார். தம்பிக்கு வேலை ஆயிடும் போலிருக்கு. இப்பவே சொல்லிட்டா உங்களுக்கு ஆள் பார்க்க வசதியா இருக்கும்."

"தேர்வு இன்னும் எழுதலையே?"

"எழுதிருவான் சார். நானே கேள்வி கேட்டு தயார் பண்ணிட்டிருக்கேன்."

"நீ கேள்வி கேட்டா எவனும் பாஸ் பண்ணிருவான்" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ போனா எட்ஜிங் மெஷின் அழும். பரவாயில்ல, நல்லபடியா போய்ட்டு வா. ஒரு பொண்ணு கேட்டுட்டு இருக்கா, அவளை வரச் சொல்லிடறேன். போறதுக்குள்ள பழக்கி விட்டுரு."

அந்தப் பெண் அடுத்த வாரம் வந்துவிட்டாள். கெட்டிக்காரி. என் நாற்காலியை ஜன்னல் பக்கம் போட்டிருப்பது ஏன் என்று கேட்டாள். வெளிச்சத்துக்கு என்றேன். என் கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவர் எல்லாவற்றையும் அவளிடம் காட்டி, எது எந்த ஃப்ரேமுக்கு என்று சொல்லிக்கொடுத்தேன். சும்மா சொல்லக் கூடாது, சந்தோஷமாகத்தான் சொல்லிக்கொடுத்தேன். இடுப்பில் சாவி செருகிக்கொண்டு போகிற புதுக் குடித்தனக்காரி மாதிரி அந்த வாரம் முழுக்க நடந்தேன்.

தேர்வுக்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போது லத்தீன் வாத்தியார் வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்தார். ஒவ்வொருவரும் தன் வீட்டைப் பற்றி ஐந்து வாக்கியம் யோசித்து வந்து வகுப்பில் வாயால் சொல்ல வேண்டும், எழுதிப் படிக்கக் கூடாது. தம்பி மேசைக்கு முன்னால் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். அவன் ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் தமிழில் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாக வந்தால் வாக்கியம் சரி என்று கணக்கு.

"ஏகோ இன் ஹோர்த்தோ லபோரோ."

"நான் தோட்டத்துல வேலை பார்க்குறேன்."

"உக்ஸோர் மேயா ஏக்ரோஸ் கூராத்."

"என் பெண்டாட்டி நோயாளிங்களைப் பார்த்துக்கறா. அடுத்தது நானா?"

"உன்னைப் பத்திச் சொல்ல வார்த்தை கிடைக்கலக்கா. புத்தகத்துல பின்னாடி இருக்கிற சொல் பட்டியல்ல எங்கயும் மூக்குக்கண்ணாடி இல்ல. அந்தக் காலத்துல ஏது கண்ணாடி?"

"அப்ப அவங்கெல்லாம் எப்படித்தான் ஊசியில நூல் கோர்த்தாங்களோ. சரி, சொல்லு."

"மோக்ஸ் இன் கோல்லெம் மிக்ராமுஸ்."

"சீக்கிரமே மலைக்குக் குடி போறோம்."

"நோபீஸ் காஸா நோவா எஸ்த்."

இது கொஞ்சம் தந்திரமான வாக்கியம். லத்தீனில் 'என்னிடம் வீடு இருக்கிறது' என்பதற்கு நம்மைப் போலவே நான்காம் வேற்றுமை போட்டு 'எனக்கு வீடு இருக்கிறது' என்றும் சொல்லலாம். எனக்கு அது மிகவும் பிடிக்கும், நம் வீட்டுப் பேச்சு மாதிரி இருக்கும். உற்சாகமாகச் சொன்னேன்.

"நமக்குப் புது வீடு இருக்கு."

"எங்களுக்கு" என்றான்.

கண்ணைத் திறக்கவே இல்லை. ஐ விட்டுப்போன இடத்தில் ஐ போட்டுத் திருத்துகிற மாதிரி, இலக்கணப் பிழையைத் திருத்துகிற குரலில் திருத்தினான். சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்துக்கு வாயைத் திறந்தவன் பாதியில் நிறுத்திவிட்டான். அப்புறம்தான் கண்ணைத் திறந்தான்.

லத்தீனில் 'நோஸ்' என்றால் நாமும் அதுதான், நாங்களும் அதுதான்; 'நோபீஸ்' என்றால் நமக்கும் அதுதான், எங்களுக்கும் அதுதான். அந்த மொழியில் அந்த வித்தியாசம் கிடையாது. கேட்கிறவளையும் சேர்த்துச் சொல்கிறானா, அவளை வாசலில் நிறுத்திவிட்டுச் சொல்கிறானா என்று கேட்டால் லத்தீன்காரன் முழிப்பான். தமிழில் அப்படித் தப்பிக்க முடியாது. நான்காம் வேற்றுமை வந்தால் ஏதோ ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

நானே அவனுக்கு வழி எடுத்துக் கொடுத்தேன். பாவி, நானே கொடுத்தேன்.

"வாத்தியார்கிட்ட சொல்றதால 'எங்களுக்கு'ங்குறியா? அவரு நம்மகூட வரலையே, அதனாலயா?"

"ஆமாக்கா" என்று பாய்ந்து பிடித்துக்கொண்டான். "அதான். அவருக்குச் சொல்றேன்ல. அவரு வெளியாள்தானே."

அவன் அவ்வளவு வேகமாக ஒத்துக்கொண்டிருக்கக் கூடாது. படிப்பில் அவன் எதையும் உடனே ஒத்துக்கொள்கிறவன் இல்லை.

"சரி. இப்ப எனக்குச் சொல்லு."

"என்னத்தை?"

"அதே வாக்கியத்தை. வாத்தியாருக்கு வேண்டாம், எனக்குச் சொல்லு. தமிழ்ல."

புத்தகத்தின் முனையை மடக்கினான், நிமிர்த்தினான். "புது வீடு இருக்கு" என்றான்.

"யாருக்கு?"

"மலைமேல... புது வீடு இருக்குக்கா."

"எங்க இருக்குன்னு கேக்கலடா. யாருக்கு இருக்கு?"

வெளியே படிக்கட்டில் கீழ்வீட்டுக்காரர் செருப்பை உதறிப் போடுகிற சத்தம் கேட்டது. மேசைக்கு அடியில் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, ரூம் ரெண்டுதான்" என்றான் கடைசியில்.

"இங்கயும் ரெண்டுதான்."

"அது சின்னது. அப்புறம் அங்க விதி... குடும்பம்னா புருஷன் பெண்டாட்டி பிள்ளைங்கன்னுதான் போட்டிருக்கான். அதுவுமில்லாம அவளுக்கும் கொஞ்சம் தனியா இருந்து பார்க்கணும்னு ஆசை. தப்பு இல்லையேக்கா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவ கேட்ட ஒரே விஷயம் அது."

தப்பு இல்லைதான். நான் மட்டும் அவள் இடத்தில் இருந்திருந்தால் முதல் வருடமே கேட்டிருப்பேன். அதைச் சொல்லியிருந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நாலு நாள் பேசாமல் இருந்துவிட்டு, அப்புறம் நானே பாத்திரம் பிரித்துக் கட்டிக் கொடுத்திருப்பேன். இது அதைப் பற்றி இல்லை.

"திரைத்துணிக்கு அளவு கேட்டப்ப சொன்னியே."

"நீ கேட்ட, சொன்னேன்."

"நான் கடையில வேலையை விடறேன்னு சொல்லிட்டு வந்தப்ப, நீ இதே நாற்காலியில உட்கார்ந்திருந்த. 'அதுக்குள்ள ஏன்க்கா'ன்னு மட்டும் கேட்ட. அப்ப சொல்லியிருக்கலாம்."

"எனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ஆனா நான் பொய் சொல்லலக்கா. யோசிச்சுப் பாரு, உன்னையும் கூட்டிட்டுப் போறேன்னு ஒரு நாள்கூட நான் சொல்லல."

யோசித்துப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. போறோம், போடுவோம், தாங்குவோம் என்றுதான் சொன்னான். மலை என்று வந்தால் ஒரு நாளும் 'நாம' சொல்லவில்லை, 'நாங்க' என்றும் சொல்லவில்லை. ஓமை மட்டும் போட்டுவிட்டு நகர்ந்துகொண்டான். ஆள் யார் என்பதை நான்தான் நிரப்பிக்கொண்டேன். பாடத்துக்கு நாம, பரீட்சைக்கு நாம, வீட்டுக்கு வெறும் ஓம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், ஒரு ஆளையே விகுதியில் மறைக்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த நேரத்துக்கு அவன் பெண்டாட்டி வேலை முடிந்து வந்தாள். கைப்பையைக்கூட இறக்கவில்லை, எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு வாசற்படியிலேயே நின்றாள்.

"என்னாச்சு அண்ணி?"

"ஒண்ணுமில்ல. வீட்டைப் பத்திப் பேசிட்டிருந்தோம். நான் வரலைன்னு இப்பதான் எனக்குத் தெரிஞ்சுது."

அவள் அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பார்த்ததும் அவள்மேல் எனக்கு இருந்த கோபம் பாதி போய்விட்டது.

"போன வருஷமே உங்ககிட்ட சொல்லிட்டதா சொன்னாரே. 'அக்காவுக்கு வருத்தம்தான், ஆனா புரிஞ்சுக்கிட்டா'ன்னாரே. நீங்க இப்படிக் கூட உட்கார்ந்து படிக்கவைக்கிறதைப் பார்த்துட்டு எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு அண்ணி. எப்படி இவங்களால முடியுதுன்னு ஆஸ்பத்திரியில எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்தேன்."

ஊர் பேர் தெரியாத நர்ஸுகள் எல்லாம் என் பெருந்தன்மையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுதுவிடுவேன் என்று தெரிந்ததால் எழுந்து போய்ச் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டேன். கழுவ ஒரு பாத்திரமும் இல்லை. கழுவிக் கவிழ்த்த டம்ளர்களையே திரும்பவும் எடுத்துக் கழுவினேன். கூடத்தில் அவர்கள் இரண்டு பேரும் குரலை அடக்கிச் சண்டை போட்டார்கள். அவள்தான் அதிகம் பேசினாள்.

மறுநாள் கடைக்குப் போனேன். முதலாளி வருவதற்கு முன்னாலேயே போய்க் கூட்டிப் பெருக்குகிறவரோடு வாசலில் நின்றேன். அவர் வந்ததும் பின்னாலேயே உள்ளே போனேன். பின்னறையில் அந்தப் பெண் அதற்குள் வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு லென்ஸை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே கையை நீட்டிப் பிடித்திருந்தாள்.

"சார், நான் போகலை."

"தேர்வு தள்ளிப்போச்சா?"

"இல்ல சார். அவங்க போறாங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். மேலே ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட பரவாயில்லை என்று தோன்றியது. கேட்காமல் இருக்கிற அளவுக்கு என் முகத்தில் எழுதியிருந்திருக்கிறது.

"அந்தப் பொண்ணைப் போகச் சொல்ல முடியாதேம்மா. வேற இடத்துல பார்த்த வேலையை விட்டுட்டு வந்திருக்கா."

"சொல்ல வேண்டாம் சார்."

"முன்னாடி கவுன்ட்டர்ல ஆள் வேணும். மத்தியானத்துக்கு மேல மட்டும். வரவங்களை உட்காரவச்சு, பேர் கேட்டு, ஃப்ரேம் எடுத்துக் காட்டணும். உங்களுக்கு அது..." என்று இழுத்தார்.

"பார்க்கிறேன் சார்."

அவர் என்னை 'அம்மா' என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. இத்தனை வருடம் பேரைச் சொல்லி ஏவுகிறவர், பின்னறையில் ஒரு ஃப்ரேம் உடைந்தால் கத்துகிறவர். இரக்கம் வந்ததும் மனிதர்கள் எவ்வளவு மரியாதையாகிவிடுகிறார்கள். கவுன்ட்டருக்குப் பின்னால் போய் நின்றேன். உட்கார அங்கே எனக்கு நாற்காலி கிடையாது. வருகிறவர்களுக்குத்தான் நாற்காலி.

மாடி வீடு ஒருத்திக்கு அதிகம். ஆகவே காலையில் வீடு தேட ஆரம்பித்தேன். தேடப் போன இடமெல்லாம் ஒரே கேள்வி. "எத்தனை பேரு?" ஒருத்திதான் என்றால், "கூட யாரும் வரமாட்டாங்களா?" என்று இன்னொரு தடவை கேட்பார்கள், நான் எண்ணத் தெரியாமல் சொல்லிவிட்ட மாதிரி. கடைசியில் ஒரு அச்சகத்துக்கு மேலே ஒற்றை அறை அமைந்தது. ஜன்னல் சின்னது. வாங்கிய திரைத்துணியைப் பாதியாக மடித்தாலும் அதற்குப் பெரிது.

வீட்டில் தம்பி இரண்டு நாள் என் கண்ணில் படாமல் போக்குக் காட்டினான். மூன்றாவது நாள் சாப்பாடு முடிந்ததும், நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, புத்தகத்தோடு வந்து எதிரே நின்றான்.

"அக்கா, பெயர்ச்சொல் மூணாவது வகை எனக்கு இன்னும் நிக்க மாட்டேங்குது."

நான் துடைத்தேன்.

"கோவம் இருக்கும். நான் செஞ்சது தப்புதான். ஆனா நாம இவ்வளவு தூரம் படிச்சுட்டு இப்ப விட்டுட்டா எல்லாம் வீணாயிடும்க்கா."

ஆற்றைக் கடக்கும் வரைக்கும் அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ என்பார்கள். இவன் இன்னும் நடு ஆற்றில்தான் நிற்கிறான், அதனால்தான் இந்த 'நாம' என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் உட்கார்ந்தேன். அவன்மேல் பாசத்தால் என்று சொல்ல மாட்டேன். அவன் தேறாமல் போனால், அக்காக்காரி பாதியில் கைவிட்டதால்தான் என்று வாழ்நாள் முழுக்க அவன் சொல்லிக்கொண்டிருப்பான். அந்தச் சந்தோஷத்தை அவனுக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இனி என் வாழ்க்கையில் யாரும் என்னோடு உட்கார்ந்து லத்தீன் படிக்கப் போவதில்லை. மூன்றாம் வகைப் பெயர்ச்சொற்களை நான் இன்னும் முடிக்கவில்லை.

கேள்வி கேட்டேன், அவன் பதில் சொன்னான். முன்பு மாதிரி நடுவில் கேலி கிண்டல் எதுவும் கிடையாது. 'ஸொரோர்' வந்தபோது ஆறு வேற்றுமையையும் தடுமாறாமல் சொன்னான். அக்கா, அக்காவின், அக்காவுக்கு, அக்காவை, அக்காவால், அக்காவே. நான் "சரி, அடுத்தது" என்றேன். அவன் பெண்டாட்டி எங்களுக்குப் பின்னால் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். தேர்வுக்கு முந்தின நாள் வரைக்கும் இப்படியே நடந்தது. தேர்வன்று காலையில் நான் என் துணிமணிகளையும் இரண்டு பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு அச்சக மாடிக்கு வந்துவிட்டேன். அவன் திரும்பி வரும்போது என் அறை காலியாக இருந்திருக்கும். அதைப் பார்த்து அவன் என்ன நினைத்தான் என்று நான் கேட்கவில்லை. அவனும் அதற்குப் பிறகு இரண்டு தடவை ஃபோன் செய்தான், நான் எடுக்கவில்லை.

முடிவு வந்த அன்று கடைக்கே வந்துவிட்டான். மத்தியானம் கூட்டம் இல்லாத நேரம். நான் கவுன்ட்டரில் ஃப்ரேம்களைத் துணியால் துடைத்து வரிசையில் வைத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக் கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு வந்தான். மூச்சு வாங்கியது, முகமெல்லாம் வியர்வை. சின்ன வயதில் ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வந்துவிட்டுக்கூட இப்படித்தான் ஓடி வந்து என் முன்னால் நிற்பான். அந்த முகம் எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது அவனுக்கும் தெரியும். பின்னறையில் அந்தப் பெண் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"அக்கா" என்றான். "நாம பாஸ் பண்ணிட்டோம்."

துடைத்துக்கொண்டிருந்த ஃப்ரேமை மடக்கி அதன் இடத்தில் வைத்தேன்.

"ரொம்ப சந்தோஷம்" என்றேன். "நீங்க எப்ப கிளம்புறீங்க?"

பிறந்த நாளிலிருந்து அவனை 'டா' போட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறேன். கோபம் வந்தால் இன்னும் இரண்டு 'டா' கூடுமே ஒழியக் குறைந்ததில்லை. அவன் சிரிப்பு அப்படியே நின்றது. நான் ஒருவேளை அவனையும் பெண்டாட்டியையும் சேர்த்துத்தான் அப்படிக் கேட்டிருப்பேன் என்று ஒரு நிமிடம் அவன் முகத்தில் நம்பிக்கை வந்தது. அவளும் கூட வந்திருக்கிறாளா என்பது போலப் பின்னால் திரும்பிக்கூடப் பார்த்தான். கதவு மூடியிருந்தது. அவன் தனியாகத்தான் வந்திருந்தான்.

கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் கிடந்த நாற்காலியை அவனுக்குக் கை காட்டினேன்.

"உட்காருங்க" என்றேன்.